சேலத்துப் புலிக்குத் தீனி போட்டவர்

மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் மூட்டை தூக்கிய கருப்பண்ணனைப் பற்றி எழுதப் போகிறேன். அவருக்குச் சிலையும் கிடையாது, பேர் வெட்டிய கல்லும் கிடையாது. நான் எழுதாவிட்டால் அவரைப் பற்றி எழுத வேறு யாரும் வரப் போவதில்லை. அவருடைய மகள் மாதேஸ்வரியிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். "எழுதுங்க டீச்சர். அப்பா போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. இனிமே யாருக்கு என்ன வந்துது?" என்று அவள் சொன்னாள்.

என் பெயர் ரோசம்மாள். மாரண்டஹள்ளிக்கு வெளியே, பாலக்கோடு போகிற ரோட்டை ஒட்டி ஒரு கோயில் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். எங்கள் தலைமை ஆசிரியர் சவரிராயன் சார்கூட, "டீச்சர், மணி அடிச்சா பசங்க வாயை மூடறாங்க, நீங்க மூட மாட்டேங்கறீங்களே" என்பார். இந்தக் கதையில் நடந்த வினைக்கெல்லாம் பாதிக் காரணம் அந்த வாய்தான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்ட எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருப்பண்ணன் சேலம் ஜெயிலில் ஐந்து வருஷம் இருந்தவர். காரிமங்கலத்துப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடும், பங்காளியோடு பொதுவில் ஒரு கிணறும் இருந்தன. எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில், அன்றைக்குத் தண்ணீர் முறை யாருடையது என்று பேச்சு முற்றியது. இவர் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டார். மூன்றாம் நாள் அந்தப் பங்காளி ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். "வேற யாரும் செய்யலீங்க, நான்தான் செஞ்சேன்" என்று கருப்பண்ணன் கோர்ட்டில் சொன்னார். பின்னால் என்னிடமும் அதையேதான் சொன்னார். ஏழு வருஷம் தீர்ப்பாகி, ஒழுங்காக இருந்ததற்குக் கழித்துக்கொண்டு ஐந்தில் விட்டார்கள்.

அவர் உள்ளே போனபோது மாதேஸ்வரிக்கு இரண்டரை வயது. மனைவி கோவிந்தம்மாள் அந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாரண்டஹள்ளிக்கு வந்து, மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலையில் சேர்ந்தாள். இங்கே அவளை யாருக்கும் தெரியாது. "வூட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்டவர்களுக்கு "சேலத்துல வேலைங்க" என்றாள். அது பாதிப் பொய். மீதியை மகளுக்காகச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஜெயிலில் இருப்பவரைப் பார்க்கப் போவதை 'மனு பார்ப்பது' என்பார்கள். எழுதிக் கொடுத்து, காத்துக் கிடந்து, பேர் கூப்பிட்டதும் ஓடிப்போய்க் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் இருபது ஆண்கள், இந்தப் பக்கம் இருபது குடும்பம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நாலு வயசில் மாதேஸ்வரியை அங்கே தூக்கிக்கொண்டு போனபோது, "அப்பா ஏம்மா உள்ளயே இருக்குது? வெளிய வரச் சொல்லு" என்று அவள் அழுதிருக்கிறாள். கோவிந்தம்மாளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒரு புலி. "உள்ள புலி இருக்குது சாமி. அப்பாதான் அதுக்குத் தீனி போடுது. அப்பா வெளிய வந்துட்டா புலி பட்டினி கெடக்கும்." குழந்தை அழுகையை நிறுத்தியது. வலை ஓட்டை வழியாகக் கருப்பண்ணன் ஒரு விரலை நீட்டினார். மகளும் நீட்டினாள். விரலின் நுனிதான் தொட முடிந்தது.

அந்தப் புலியை வைத்துத்தான் மாதேஸ்வரி என் பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கினாள். "எங்கப்பா சேலம் ஜூவுல புலிக்குத் தீனி போடுது" என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். எண்பத்து மூன்றில் அவர் விடுதலையாகி வந்து மண்டியில் மூட்டை தூக்க ஆரம்பித்ததும் பையன்கள் விடவில்லை. "புலி என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து, "செத்துப்போச்சு, அதான் வேல போயிருச்சு" என்றாள். அன்றிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் புலி மாமா. மண்டிப் பக்கம் போகும்போது "புலி மாமா" என்று கத்துவார்கள். அவர் மூட்டையோடு தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். கூச்ச சுபாவம் போல என்று நான் நினைத்தேன்.

இன்னொரு விஷயமும் அவரிடம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அந்த மனுஷன் களி தின்ன மாட்டார். தருமபுரிக்காரனாகப் பிறந்துவிட்டு ராகிக் களி தின்னாதவரை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. "அவருக்கு மட்டும் தனியா சோறு பொங்கணுங்க டீச்சர். களி கிண்டுற வாசம் வந்தாலே எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிருவாரு" என்று கோவிந்தம்மாள் ஒரு முறை சொன்னாள். "ஓஹோ, துரை சேலத்துல சோறு தின்னே பழகிட்டாரா?" என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

எண்பத்தாறு பொங்கல் கழிந்ததும் ஐந்தாம் வகுப்பைப் பன்னேருகட்டா மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போவதென்று முடிவாயிற்று. என் யோசனைதான். பாடப் புத்தகத்தில் சிங்கம் என்றால் கறுப்பாக ஒரு கறை தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகள் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று சவரிராயன் சாரிடம் ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் துணைக்குப் பெற்றோரில் ஓர் ஆண்பிள்ளை வர வேண்டும், சோற்றுக் குண்டான் தூக்கவும் ஆள் வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் முப்பத்தேழு பேர் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. வராதது மாதேஸ்வரி வீட்டிலிருந்து மட்டும்தான். "அப்பா வேணாம்னுருச்சு டீச்சர்" என்று அழுதாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. பெட்டைப் பிள்ளை என்றுதானே அனுப்ப மறுக்கிறார் என்று நேரே மண்டிக்கே போனேன். அவர் முட்டைக்கோஸ் மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, பையனா இருந்தா அனுப்புவீங்கல்ல?"

"அப்படி இல்லீங்க டீச்சரம்மா."

"பின்ன எப்படி? ஊர்ல இருக்கற பசங்கல்லாம் போவுது. ஜூவுலயே வேலை பாத்தவரோட பொண்ணு மட்டும் வூட்ல குந்திட்டு இருக்கணுமா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

சுற்றி ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர் மூட்டையை இறக்கவும் இல்லை, நகரவும் இல்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. உண்மையான மிருகக்காட்சிசாலையை மகள் ஒரு தடவை பார்த்துவிட்டால், சேலத்தில் தான் பார்த்தது அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அந்த மனுஷன் பயந்தது அதற்குத்தான். எனக்கு எங்கே அது தெரிந்தது? நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன்.

"பேசாம நீங்களும் கூட வாங்க. இத்தன அனுபவம் இருக்கற ஆளு. ஒவ்வொரு மிருகமா பசங்களுக்கு நீங்களே சொல்லிக் குடுங்க. சாரும் ஆள் கேட்டுட்டுதான் இருக்காரு."

மண்டிக்காரரே "போய்ட்டு வாய்யா கருப்பண்ணா" என்று சொல்லிவிட்டார். தப்பிக்க ஒரு வழியும் இல்லாமல் அவரை நாலு பக்கமும் நான்தான் அடைத்தேன். "செரிங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பஸ் கிளம்பியது. ஓசூர் தாண்டியதும் போர்டெல்லாம் கன்னடமாயின. பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்துத் தோற்று, பாட்டுப் பாடினார்கள். கருப்பண்ணன் கடைசி சீட்டில் புளிசாதக் குண்டானைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதேஸ்வரி முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்பாவோடு வருகிற ஒரே பிள்ளை அவள்தான். "எங்கப்பா எல்லாம் சொல்லும் பாருங்க" என்று எல்லோரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

முதலில் கரடிக் கூண்டு. கரடி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தது. தர்மன் என்று ஒரு பையன், கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுகிறவன், "புலி மாமா, அது ஏன் சும்மா நடக்குது?" என்று ஆரம்பித்தான்.

கருப்பண்ணன் கரடியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சும்மா நடக்கல கண்ணு. எண்ணிட்டு நடக்குது. அந்தப் பக்கம் பதினொண்ணு, இந்தப் பக்கம் பதினொண்ணு. நடக்கலன்னா காலு செத்துப்போவும்."

பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். பதினோரு அடிதான்! அவர்கள் போட்ட கூச்சலில் கரடியே நின்று பார்த்தது. ஒருவன் கல் எடுத்தான். கருப்பண்ணன் அவன் கையைப் பிடித்துக் கல்லை வாங்கிக் கீழே போட்டார். "அடிக்காத சாமி. அதுக்குத் திரும்ப அடிக்க முடியாது. அடிச்சவன் மொகத்த ராத்திரியெல்லாம் நெனச்சுட்டுக் கெடக்கும்."

புலி சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது. ஏன் தூங்குகிறது என்று கேட்டதற்கு, "தூங்குனாதான் பொழுது போவும்" என்றார். சோற்று நேரம் அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சாவிச் சத்தத்துலயே தெரியும். எந்தச் சாவி சோத்துக்கு, எந்தச் சாவி பூட்டறதுக்குன்னு ஒரு மாசத்துல பழகிரும்" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். நோட்டில்கூடக் குறித்துக்கொண்டேன். இருபது வருஷம் விலங்குகள் பாடம் நடத்தியிருக்கிறேன். இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

"ஆளுங்க வந்து பாத்தா அதுக்குப் புடிக்குமா மாமா?" இது ஒரு பெண் கேட்டது.

"புடிக்கும். அதுக்காகவேதான் காத்துட்டு இருக்கும். ஞாயித்துக்கெழமதான் கஷ்டம். அன்னைக்கு யாரையும் உட மாட்டாங்க."

தர்மன் விடுவானா? "ஞாயித்துக்கெழமதான மாமா ஜூவுக்குக் கூட்டமே வரும்?"

கருப்பண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. ஜனவரி மாதக் குளிர் அது, நாங்கள் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். மாதேஸ்வரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். கூண்டுக்கு முன்னால் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். கம்பிக்குக் கிட்டே யாரும் போக முடியாதபடி வேலி இருந்தது. அவள் எதையோ ஒத்துப் பார்க்கிறாள் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அங்கே வேலை செய்யும் ஆள் ஒருவர் வாளியோடு வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர். என் நாக்கு சும்மா இருக்குமா? "இவரும் சேலத்துல உங்க வேலைதான். அஞ்சு வருஷம் புலிக்குத் தீனி போட்டவரு" என்று அறிமுகம் செய்துவைத்தேன்.

அவர் முகம் மலர்ந்து, "ஹௌதா! ஹுலிகே ஏனு ஹாக்தித்ரி?" என்றார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கன்னடம் பழக்கம்தான். புலிக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டார், அவ்வளவுதான்.

கருப்பண்ணன் தடுமாறினார். கண் எங்கேயோ போயிற்று. "காலைல கஞ்சிங்க. மத்தியானம் களி" என்றார்.

அந்த ஆள் ஒரு கணம் விழித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தர்மன் "புலி களி திங்குதாம்டோய்!" என்று குதித்தான். முப்பத்தேழு பிள்ளைகளும் சிரித்தன. தமாஷ் பண்ணுகிறார் என்று நானும் சிரித்தேன். மாதேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் புளிசாதம் முடிந்ததும் சிங்கம் பார்க்கப் போனோம். அங்கே சிங்கங்கள் காட்டில் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும். நாம்தான் கம்பி வலை அடித்த வேனுக்குள் உட்கார்ந்து போக வேண்டும். பிள்ளைகள் முட்டி மோதி ஏறினார்கள். கடைசியாகக் கருப்பண்ணன் ஒரு காலைப் படியில் வைத்தார். உள்ளே இருந்த ஆள் முன்பக்கக் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார். இரும்பில் இரும்பு அடித்த சத்தம். கருப்பண்ணன் காலைக் கீழே எடுத்துவிட்டார்.

"நீங்க போங்க டீச்சரம்மா. நான் பாத்திரத்தப் பாத்துக்கறேன்."

"பாத்திரத்த யாரு தூக்கிட்டுப் போறா? ஏறுங்க."

"வேணாங்க."

"ஆம்பளைக்கு இவ்ளோ பயமா? புலிக்குச் சோறு போட்ட கையி!"

"புலி மாமாவுக்குச் சிங்கம்னா பயம்" என்று பின்னாலிருந்து ஒரே கூத்து. அவர் படியை விட்டு இரண்டடி பின்னால் போனார். அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பின்கதவையும் சாத்திப் பூட்டினார்கள்.

மாதேஸ்வரி ஜன்னலோரம், நான் அவள் பக்கத்தில். வேன் உறுமியது, பிள்ளைகள் கத்தினார்கள், எதுவும் காதில் விழவில்லை. கருப்பண்ணன் ஜன்னலுக்குக் கிட்டே வந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை என்று மகள் தலையை ஆட்டினாள். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. மாதேஸ்வரி வலை ஓட்டை வழியாக ஒரு விரலை வெளியே நீட்டினாள். சும்மா, அப்பாவைக் கூப்பிடுவதுபோல. அவர் கையும் தானாக மேலே வந்தது. ஒரே ஒரு விரலை நீட்டி அவள் விரல் நுனியைத் தொட்டார்.

தொட்ட மாத்திரத்தில் இரண்டு பேரும் அப்படியே நின்றுபோனார்கள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வேன் நகர்ந்தது. அவள் தன் விரலைப் பார்த்தாள். தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போன அப்பாவைப் பார்த்தாள். ஒரு சிங்கம் வேனை உரசிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். அவள் தலையைத் திருப்பவே இல்லை. "எல்லாரும் கத்தறாங்க டீச்சர்" என்றாள். "அங்கயும் இப்படித்தான் கத்துனாங்க." சாவி, பூட்டு, ஞாயிற்றுக்கிழமை, களி. நான் நோட்டில் குறித்து வைத்த ஒவ்வொன்றும் என்ன என்று அந்த வேனுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் எனக்கு விளங்கியது. இறங்கி ஓடிவிடலாமென்றால் கதவு பூட்டியிருக்கிறது, வெளியே சிங்கம்.

திரும்பும்போது பிள்ளைகள் களைத்துத் தூங்கிவிட்டார்கள். மாதேஸ்வரி எழுந்து கடைசி சீட்டுக்குப் போனாள். நான் அதற்கு முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். கேட்டேன்.

"அப்பா."

"என்ன சாமி?"

"சேலத்துல புலி இல்லதான?"

"இல்ல சாமி."

"கம்பிக்கு உள்ள நீதான இருந்த? களி தின்னது நீதான?"

"ஆமா."

"அதனாலதான் அம்மா களி கிண்டுனா எந்திரிச்சுப் போயிர்றியா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஒருத்தர அடிச்சுட்டேன் சாமி. அவரு செத்துட்டாரு. அம்மா மேல ஒண்ணும் இல்ல, அம்மாவத் திட்டாத. எல்லாம் என்னாலதான்" என்றார்.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தர்மனுக்கு?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப சொல்லாத" என்று அவள் எழுந்தாள். அதற்குள் தர்மன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தலையைத் தூக்கி, "ஏ மாதேசு, சேலத்துப் புலி செத்தப்ப உங்கப்பா அழுதாரா?" என்றான்.

"அழுதாரு. ரெண்டு நாளு சாப்புடல" என்றாள் அவள். கொஞ்சம்கூடக் குரல் பிசகவில்லை. பத்து வயசுப் பிள்ளை! அம்மாவும் அப்பாவும் எட்டு வருஷமாக அடைபட்டுக் கிடந்த பொய்க்குள் தானாகவே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதிருப்பேன்.

திங்கட்கிழமை கட்டுரை எழுதச் சொன்னேன். 'மிருகக்காட்சிசாலையில் நாம் கற்றவை.' சுற்றுலாக் கட்டுரைக்கு நான் கற்றுக்கொடுத்த கடைசி வரி ஒன்று உண்டு: 'அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்.' எங்கே போய்விட்டு வந்தாலும் அந்த வரியில்தான் முடிக்க வேண்டும். முப்பத்தெட்டு நோட்டிலும் அது இருந்தது.

புதன்கிழமை காலையில் கருப்பண்ணன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலையில் சும்மாடு, வேலைக்குப் போகிற வழி. நான்கு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"டீச்சரம்மா, அன்னைக்கு நீங்க தூங்கலீங்க. தூங்கறவங்க மூச்சு வேற மாதிரி இருக்கும், எனக்குத் தெரியுங்க." நடந்ததையெல்லாம் அப்போதுதான் தன் வாயால் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அது கெடக்குதுங்க. பாப்பா எங்கூட நாலு நாளா பேசல. மொகத்த மொகத்த பாக்குது, பேச மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம முழுக்க அதுபாட்டுக்கு என்னமோ எழுதிப் பாத்துட்டு இருந்துது. என்னைப் பத்தி எழுதியிருக்குதுங்களா? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்னா எழுதியிருந்தாலும் செரி, அப்படியே படிங்க."

என்ன கட்டுரை வரும் என்று அவளுக்கு முன்னமே தெரியும். எங்கே போய்விட்டு வந்தாலும் 'நாம் கற்றவை' என்றுதானே தலைப்புக் கொடுப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நின்று படித்தேன்.

'நாங்கள் பன்னேருகட்டா மிருகக்காட்சிசாலைக்குச் சென்றோம். அங்கே புலி, கரடி, சிங்கம், மயில் ஆகியவற்றைக் கண்டோம். கரடி பதினோர் அடி நடக்கும். பிறகு திரும்பும். மிருகங்களைக் கல்லால் அடிக்கக் கூடாது. அவை திரும்ப அடிக்க முடியாது. அவற்றைப் பார்க்க நாம் அடிக்கடி போக வேண்டும். யாரும் வராவிட்டால் அவை வருத்தப்படும். இவற்றை எனக்கு என் அப்பா சொல்லிக் கொடுத்தார். அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம். என் அப்பாவும் வீடு திரும்பினார்.'

அனைவரும் என்று எழுதிய பிறகு அந்தக் கடைசி வரி தேவையே இல்லை. வேறு பிள்ளை எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

"கடைசில என்னமோ படிச்சீங்களே, அத இன்னொருக்கா படிங்க" என்றார் கருப்பண்ணன்.

"என் அப்பாவும் வீடு திரும்பினார்."

புத்தகத் தமிழ் அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வீடு திரும்பினார்னா... அப்பா வூட்டுக்கு வந்துட்டாருன்னு அர்த்தங்களா?"

"ஆமாங்க. வூட்டுக்கு வந்துட்டாரு."

அவர் அந்தச் சும்மாட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார். உள்ளே மணி அடித்தார்கள். பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு "புலி மாமா, புலி மாமா" என்று கத்தினார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து மாதேஸ்வரி, "அப்பா, சாயங்காலம் நானும் மண்டிக்கு வரேன், இரு, சேந்து போலாம்" என்று கத்தினாள்.